கையெழுத்துப் போட்ட தொகை

தொடக்கப் பள்ளி ஆசிரியை என்றதும் மேடையில் வந்து விழும் சொற்கள் நமக்குப் பழகியவை. தொண்டு, அறப்பணி, தியாகம், இரண்டாவது தாய். செப்டம்பர் 5 அன்று சால்வையோடு சேர்த்து இவற்றையும் போர்த்துவார்கள். இதே சொற்களைத் தாசில்தாருக்கோ மின்வாரிய இன்ஜினியருக்கோ யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் வேலை பார்க்கிறார்கள், சம்பளம் வாங்குகிறார்கள். டீச்சர் மட்டும் மனநிறைவுக்காக வந்து போகிறாள் என்று ஊருக்கு ஒரு நினைப்பு.

1988 முதல் 2024 வரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியையாக இருந்தவள் நான். மனநிறைவு கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நிறையவே கிடைத்தது, அதைப் பற்றியும் எழுதுவேன். ஆனால் இந்தத் தொழில் பெண்களுக்கு என்ன கொடுத்தது என்று வரலாற்றில் தேடிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது பணம். அடுத்தது, அந்தப் பணம் வாங்கிக் கொடுத்த சில உரிமைகள். மனநிறைவு அதற்கும் பிறகுதான். இந்த வரிசையை மாற்றிச் சொல்வதால் யாருக்கு லாபம் என்பதுதான் நான் கேட்க வந்த கேள்வி.

பெண் ஆசிரியை என்ற ஆள் ஏன் தேவைப்பட்டாள் என்பதிலிருந்து தொடங்கலாம். 1848-இல் புனேயில் ஜோதிராவ் பூலேவும் சாவித்ரிபாய் பூலேவும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியதையும், பாடம் நடத்தப் போன வழியில் சாவித்ரிபாய் மீது சாணியும் கல்லும் எறியப்பட்டதையும் இன்று பல மகளிர் தினக் கூட்டங்களில் சொல்கிறோம். அவருக்குப் பிறகான பத்தாண்டுகளில் நாட்டின் பல இடங்களில் பெண் பள்ளிகள் வந்தன. வந்தவுடனே ஒரு முட்டுக்கட்டையும் வந்தது. பத்து வயது தாண்டிய பெண்ணை ஆண் வாத்தியார் முன்னால் உட்கார வைக்கக் குடும்பங்கள் தயாராக இல்லை. பெண் வாத்தியார் வேண்டும். ஆனால் படித்த பெண் எங்கே இருக்கிறாள்? பெண்ணைப் படிக்க வைக்கப் பெண் வேண்டும், அந்தப் பெண் கிடைக்க முதலில் பெண்கள் படித்திருக்க வேண்டும். 1866-இல் இங்கிலாந்திலிருந்து வந்து பம்பாய், சென்னை, கல்கத்தா என்று சுற்றிப் பார்த்த மேரி கார்ப்பென்டர், பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளை அரசே தொடங்க வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தியதற்குக் காரணம் இந்த முடிச்சுதான்.

யார் வருவார்கள் பயிற்சிக்கு? திருமணமான பெண்ணை வீடு விடாது. திருமணமாகாத வளர்ந்த பெண் என்ற ஒருத்தியே மேல்சாதி வீடுகளில் கிடையாது. மிச்சம் இருந்தவர்கள் இரண்டு வகை. ஒன்று, மிஷன் பள்ளிகளில் படித்த கிறிஸ்தவப் பெண்கள். தெற்கே பாளையங்கோட்டையில் சாரா டக்கர் பெயரிலான பயிற்சிப் பள்ளி அவர்களுக்காக வளர்ந்தது. அந்த சாரா டக்கர் இந்த மண்ணை மிதித்ததே இல்லை, உடல்நலம் குன்றி இங்கிலாந்திலேயே வாழ்ந்து முடிந்தவர், அவர் நினைவாகத் தோழிகள் சேர்த்த பணத்தில் எழுந்த பள்ளி அது என்பது எனக்கு எப்போதும் வியப்பு. அங்கே பயின்ற பெண்கள் பனங்காட்டுக் கிராமங்கள் வரைக்கும் போய்ப் பாடம் சொன்னார்கள். பல ஊர்களில் கணவர் உபதேசியார், மனைவி டீச்சர். இரண்டு பேர் வேலை, ஒரு குடும்பத்தின் பிழைப்பு என்று பார்க்கப்பட்டது. பெண்ணின் சம்பளத்தைத் தனிச் சம்பளமாக நினைக்காத பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

இரண்டாவது வகை, விதவைகள்.

ஆர்.எஸ். சுப்பலட்சுமி 1886-இல் மயிலாப்பூரில் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். பதினோரு வயதுவாக்கில் கல்யாணம், கொஞ்ச காலத்திலேயே கணவன் இறப்பு. அந்த நாள் வழக்கப்படி அவருக்குக் காத்திருந்தது மொட்டைத் தலையும் வீட்டு மூலையும். அப்பா படிக்க வைத்தார். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் பிராமண விதவை அவர்தான். அடுத்த ஆண்டே சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். தன்னைப் போலவே சிறுவயதில் விதவையான பெண்களைச் சேர்த்து வைத்துப் படிக்க வைக்க ஆரம்பித்தார். பெண் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லின்ச் என்ற அம்மையார் அரசுப் பக்கம் பேசி உதவி வாங்கித் தந்தார். சில பெண்களோடு ஒரு வீட்டில் தொடங்கிய விடுதி வளர்ந்து, திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸுக்கு இடம் மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைப்பதற்காகக் கட்டிய வட்டமான கட்டடம், விதவைப் பெண்கள் டீச்சராவதற்குப் படிக்கும் இடமானது. இன்று அதை விவேகானந்தர் இல்லம் என்று அறிவோம். 1922-இல் அதன் பக்கத்திலேயே லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தபோது அதற்கு முதல்வராக இருந்தவரும் சுப்பலட்சுமிதான்.

இந்தக் கதையைத் தொண்டின் கதையாகத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். சகோதரி சுப்பலட்சுமி என்ற பெயரே அப்படி வந்ததுதான். அரசுக்கு அதில் இருந்த கணக்கையும் பார்க்க வேண்டும். பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் வேண்டும், கணவன் தடுக்காத, பிரசவத்துக்குப் போகாத, ஊர் ஊராக மாற்றினாலும் போகக்கூடிய பெண்கள் வேண்டும். விதவைகள் அந்தக் கணக்குக்குப் பொருந்தினார்கள். விதவைப் பெண்ணுக்கும் ஒரு கணக்கு இருந்தது. அண்ணன் வீட்டு அடுக்களையில் சோற்றுக்கு உழைப்பவள் பயிற்சி முடித்து மாதச் சம்பளம் வாங்கினாள். காலையில் முகத்தில் விழித்தால் அபசகுனம் என்று ஒதுக்கி வைத்தவளின் எதிரில் முப்பது பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். வெள்ளைப் புடவை மாறவில்லை, மறுமணமும் நடக்கவில்லை. கையில் காசு வந்தது, அவ்வளவுதான் நடந்தது. அந்த அவ்வளவு எத்தனை பெரியது என்பதைக் காசில்லாமல் ஒரு வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமே திறந்திருந்தது. வேறு சாதிப் பெண்களோடு சேர்த்து வைத்தால் குடும்பங்கள் அனுப்பாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட சமாதானம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அரசுப் பணத்தில் நடந்த ஓர் இடம் அந்தக் குடும்பங்களின் தீட்டுக் கணக்கைத் தானும் ஏற்றுக்கொண்டது என்பதும் உண்மை. சுப்பலட்சுமியை மதிக்கிறேன். மதிப்பதற்காக இதை விட்டுவிட்டு எழுத என்னால் முடியாது.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு நடந்தது. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்ற தீர்மானத்துக்காக அந்த மாநாட்டை நினைவு வைத்திருக்கிறோம். பெண்கள் எந்தத் தொழிலையும் செய்யத் தடை இருக்கக் கூடாது, பள்ளிக்கூட வேலைகளில், அதிலும் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வேலையில் பெண்களையே அமர்த்த வேண்டும் என்ற கருத்தும் அதே மாநாட்டில் தீர்மானமானது. இதை அதிகம் பேர் பேசுவதில்லை. ஐஸ் ஹவுஸுக்கும் செங்கல்பட்டுக்கும் இருக்கிற வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முன்னதில், கல்யாண வாழ்க்கை பறிபோன பெண்ணுக்குப் படிப்பும் வேலையும் ஒரு மாற்று. பின்னதில், எந்தப் பெண்ணுக்கும் வேலை ஓர் உரிமை. சொத்துரிமைத் தீர்மானத்துக்குப் பக்கத்திலேயே டீச்சர் வேலைத் தீர்மானத்தை வைத்தவர்களுக்கு, பெண்ணுக்குக் காசு எங்கிருந்து வரும் என்ற கேள்வி தெளிவாக இருந்தது.

காசு வந்ததா? இங்கே என் பெரியம்மாவைக் கூட்டி வர வேண்டும். அம்மாவின் அக்கா, 1930-இல் பிறந்தவர். பதினான்கு வயதில் கட்டிக் கொடுத்தார்கள், ஒரு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டார். வாழாவெட்டி என்று ஊர் வைத்த பெயரோடு எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி, பாளையங்கோட்டையில் இரண்டு வருஷம் ஹையர் கிரேடு பயிற்சி முடித்து, 1949-இல் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தின் உதவி பெறும் பள்ளியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பங்கு இப்படித் தனியார் நடத்தி, அரசு மானியம் வாங்கியவைதான். மானியம் மானேஜர் கைக்குப் போகும். அவர் ஆசிரியர்களுக்குக் கொடுப்பார். கொடுத்ததற்கு அக்விட்டன்ஸ் ரிஜிஸ்டரில் ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து.

“ஏட்டி, முப்பதுன்னு கையெழுத்துப் போடுவேன். இருபது எண்ணிக் குடுப்பாரு. எண்ணிப் பாக்கக்கூட விடமாட்டாரு, மரியாதை இல்லைன்னுருவாரு” என்று பெரியம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். இது அவர் ஒருவருடைய கதை இல்லை. மாகாணம் முழுக்க உதவி பெறும் பள்ளிகளில் இது ஊரறிந்த வழக்கம். ஆண் வாத்தியார்களுக்கும் இது நடந்தது. ஆனால் ஆண் வாத்தியார் தோட்டம் துரவு பார்ப்பார், கடிதம் எழுதிக் கொடுப்பார், சங்கம் சேர்வார், தகராறு செய்வார். தனியாக ஒரு வீடு எடுத்து இருக்கிற பெண் டீச்சர், மானேஜர் வீட்டு நிழலில்தான் அந்த ஊரில் இருந்தாக வேண்டும். அவர் தயவு போனால் வேலை மட்டும் போகாது, பெயரும் போகும். பத்து ரூபாயை விட்டுக்கொடுத்தது தொண்டு மனப்பான்மையால் இல்லை என்று பெரியம்மாவுக்கும் தெரியும், மானேஜருக்கும் தெரியும். ஆண்டு விழாவில் அதே மானேஜர்தான் பெரியம்மாவின் தியாகத்தைப் பற்றிப் பேசுவாராம்.

அந்த இருபது ரூபாயில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். என் அம்மா பத்தாவது வரை படித்தது அதில்தான். தாத்தா வீட்டு ஓலைக் கூரை ஓடாக மாறியது அதில்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, அவரை விட்டுப் போனவர் ஏழெட்டு வருஷம் கழித்துச் சம்பளச் செய்தி கேட்டுச் சேர்ந்து வாழலாம் என்று ஆள் அனுப்பியபோது, வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. பெரியம்மா தன் வாழ்க்கையில் வாங்கிய மிகப் பெரிய பொருள் அந்த வேண்டாம்தான் என்று நான் நினைக்கிறேன்.

1955-இல் சென்னை மாகாண அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் வைப்பு நிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் முப்பயன் திட்டத்தைக் கொண்டு வந்தது. இந்தியாவில் அதற்கு முன்னோடி நாம்தான். பிள்ளை இல்லாத ஒரு பெண் கடைசிக் காலத்தில் யார் வீட்டுத் திண்ணையில் கிடப்பாள் என்ற கேள்விக்கு ஓர் அரசாணை பதில் சொன்னது. 1973-இல் வந்த தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், மானேஜர் நினைத்த மாத்திரத்தில் வேலையை விட்டு நிறுத்துவதற்குக் கடிவாளம் போட்டது. 1981 ஜூன் 1 முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். 1989 பல வகையில் நமக்கு முக்கியமான வருடம். பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை தரும் திருத்தச் சட்டம், அரசு வேலையில் 30 விழுக்காடு இடஒதுக்கீடு, தொடக்க வகுப்புகளுக்குப் பெண் ஆசிரியர்களையே நியமிப்பது என்ற முடிவு, எல்லாம் அந்த ஆட்சிக் காலத்தில் அடுத்தடுத்து வந்தன. செங்கல்பட்டுத் தீர்மானங்கள் அரசின் உத்தரவாக மாற 60 ஆண்டுகள் ஆயிருந்தன.

அந்த முடிவை வரவேற்றுப் பேசியவர்கள் பலர் சொன்ன காரணம் எனக்கு உவப்பாக இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குத் தாயைப் போலப் பெண்தான் பார்த்துக்கொள்வாள் என்றார்கள். மூக்கைத் துடைப்பதும் கழிப்பறைக்குக் கூட்டிப் போவதும் பெண்ணின் இயல்பாம். ஒன்றாம் வகுப்புக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது பள்ளிக்கூடத்திலேயே கடினமான வேலை. அதைத் தாய்மை என்று சொன்ன அடுத்த நொடி அதில் இருக்கும் திறமை காணாமல் போகிறது. திறமை காணாமல் போனால் சம்பளத்தைக் குறைப்பது சுலபம்.

நான் வேலைக்கு வந்தது இந்தக் காலத்தில். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் நியமன ஆணை வந்த அதே 1988-இல் பெரியம்மா ஓய்வு பெற்றார். அவருக்குக் கிடைக்காத பலதும் எனக்குக் கிடைத்தன. கையெழுத்துப் போட்ட தொகை கைக்கு வந்தது. பஞ்சப்படி, இன்க்ரிமென்ட், பிஎஃப் கடன். இவற்றில் டிவிஎஸ் 50 வாங்கினேன். பஸ் வராத ஊருக்குப் போய்வர வாங்கிய வண்டி, பிறகு சினிமாவுக்கும் தோழிகள் வீட்டுக்கும் போனது. புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் கற்றுக்கொண்டதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் அவ்வளவு பேர் இல்லை, ஆனால் ரோட்டில் தனியாக வண்டி ஓட்டிப் போன முதல் பெண் அநேகமாக எல்லா ஊரிலும் டீச்சரோ நர்ஸோதான்.

சம்பளம் கைக்கு வந்ததும் அது யார் கையில் தங்கியது என்பது தனிக் கதை. டீச்சர் பெண் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் தேடி வருவார்கள். மாதாமாதம் வரப்போகும் வரதட்சணை அது. முதல் தேதி பள்ளி வாசலில் கணவர் வந்து நிற்கும் தோழிகள் எனக்கு இருந்தார்கள். சம்பளம் வங்கிக்கு மாறிய பிறகு ஏடிஎம் அட்டை அவர்கள் சட்டைப் பையில் இருந்தது. ஓய்வு பெறும் நாளில்தான் தன் சம்பளம் எவ்வளவு என்று சரியாகத் தெரிந்துகொண்ட ஒரு தலைமையாசிரியை எனக்குத் தெரியும். சம்பாதிப்பது விடுதலையின் பாதி வழி என்பார்கள். சிலருக்கு அது கால் வழியில் நின்றுபோனது.

சாதியும் நம்மை விட்டுப் போகவில்லை. தலித் பெண் ஒருத்தி டீச்சராகி ஊர்ப் பள்ளிக்கு வந்தால் வாடகைக்கு வீடு கிடைக்காது. வணக்கம் சொல்லும் பிள்ளைக்கு அவள் குடத்துத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். என்னோடு ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்த தோழி தினம் 22 கிலோமீட்டர் போய்வந்தாள், ஊருக்குள் இருபது வீடு காலியாகக் கிடந்தபோதும். ஆனால் அவள் பாடம் நடத்தி எழுதப் படிக்கத் தெரிந்துகொண்ட பிள்ளைகள் அந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் கல்யாணப் பத்திரிகை வைக்க அவள் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்துவிட்டுப் போனான். அதை அவள் பரிசு என்று சொல்லவில்லை. “இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு ஒரு டம்ளர் காப்பிக்கு” என்றாள்.

பேசப்படாத இன்னொன்று கழிப்பறை. பல ஊர்ப் பள்ளிகளில் அது வந்ததே தாமதமாகத்தான். காலையில் புறப்பட்டால் மாலை வீடு திரும்பும் வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்ட ஒரு தலைமுறை நாங்கள். சிறுநீர்த் தொற்றும் கர்ப்பப்பைத் தொல்லையும் ஆசிரியைகளின் தொழில் நோய் என்று எந்த ஆணையிலும் இல்லை. தேர்தல் வேலைக்குப் போய் வாக்குச்சாவடியில் இரவு தங்குகிற அன்று இந்தக் கஷ்டம் இரட்டிப்பாகும். பிரசவ விடுப்பு அப்போது 90 நாள். 91-ஆம் நாள் கைக்குழந்தையோடு வந்து, வகுப்பறை உத்தரத்தில் தூளி கட்டி, நான்காம் வகுப்புப் பெண்பிள்ளை ஆட்ட, கணக்குப் போட்டிருக்கிறோம். 2011-இல் 6 மாதம், 2016-இல் 9 மாதம், 2021 ஜூலை முதல் 12 மாதம் என்று விடுப்பு கூடியது. இன்றைய இளம் டீச்சர்களுக்குத் தூளிக் கதை சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். நம்பாமலே இருக்கட்டும், அதுதான் எனக்கு வேண்டியது.

இப்போது அந்த மனநிறைவு. எங்கள் காலத்தில் ஒன்றாம் வகுப்பில் ப, ட, ம என்ற எழுத்துகளில் தொடங்குவோம். வளைவு குறைவு, பிஞ்சுக் கைக்கு எழுத வரும். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால், புள்ளி வைத்த எழுத்தையும் காட்டிவிட்டால், படம், மடம், பட்டம், மட்டம், பட்டபடம் கூட வரும். ‘பட்டபடம்’ என்று ஒரு சொல் கிடையாதே என்பீர்கள். பிள்ளைகள் உண்டாக்குவார்கள். எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்கிற பிள்ளை ஒருநாள் அவற்றைச் சேர்க்கும். ப… ட… ம்… என்று மூன்று தடவை முனகும். நான்காவது தடவை ‘படம்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டதைப் போல நம் முகத்தைப் பார்க்கும். 36 ஆண்டில் எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணவில்லை. ஒரு தடவையும் சலிக்கவில்லை. அதற்கு முந்தைய நாள் வரை கண்ணுக்கு முன்னால் கோடுகளாக இருந்த பஸ் போர்டும் கடைப் பலகையும் மறுநாள் பேச ஆரம்பித்துவிடும். உலகத்தில் வேறு எந்த வேலையிலும் இப்படி ஒரு நொடி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

செயல்வழிக் கற்றல் வந்தபோது, நாற்காலியை ஓரம் தள்ளிவிட்டுப் பிள்ளைகளோடு பாயில் உட்காரச் சொன்னார்கள். முட்டிவலியோடு எரிச்சல் பட்டவர்கள் உண்டு. ஆனால் தரையில் உட்கார்ந்தபோதுதான், கடைசி வரிசை என்று நாங்கள் ஒதுக்கியிருந்த பிள்ளைகளின் கை என்ன எழுதுகிறது என்று கிட்டத்தில் பார்க்க முடிந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள். தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள், பீடி சுற்றிவிட்டு வருகிறவர்கள். ஒரு பெண்பிள்ளை வாசித்தால் வீட்டில் ரேஷன் கார்டையும் மருந்துச் சீட்டையும் அவளிடம் நீட்டுவார்கள். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்த இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் என் வகுப்பிலிருந்து போயிருக்கிறார்கள். இந்த வேலையின் ருசி அது. இதை இல்லை என்று சொல்லித்தான் சம்பளம் கேட்க வேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை. நல்ல பாட்டுப் பாடுகிறவர் அதில் இன்பம் அடைகிறார் என்பதற்காக அவருக்குப் பணம் கொடுக்காமல் அனுப்புவதில்லையே.

ஆனால் நடப்பது அதுதான். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்று ஆனது. பெரியம்மாவுக்கு 1955-இல் கிடைத்த நிம்மதி, அவருடைய பேத்தி வயதுக்காரிக்கு இல்லை. அந்த ஆண்டு ஜூலையில் சலுகைகள் பறிக்கப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தபோது, சுமார் 1.7 லட்சம் ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் பெரும்பாலோரைத் திரும்பச் சேர்க்க வழி செய்தது, கூடவே அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றும் தீர்ப்பில் எழுதியது. தியாகம் செய்கிறவர்கள் கூலி கேட்டால் என்ன நடக்கும் என்று அந்த ஜூலையில் பார்த்தோம்.

2021 அக்டோபரில் கொரோனாவுக்குப் பிந்தைய இழப்பை ஈடுகட்ட இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. மாலையில் தெருவிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தர வந்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய். அது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. பட்டம் முடித்து, பயிற்சியும் முடித்து, வேலை கிடைக்காமல் இருந்த பெண்கள் அதில் நிறையப் பேர். அவர்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அருமையான வேலை. தொண்டு என்ற சொல் அங்கேயும் சால்வையோடு வந்து சேர்ந்தது.

என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்த ஒருத்தி இன்று இடைநிலை ஆசிரியை. 2009 ஜூன் 1-க்குப் பிறகு நியமனம் பெற்றவள். அந்தத் தேதிக்கு முந்தின நாள் வரை சேர்ந்தவர்களுக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்றும், அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு 5,200 என்றும் ஊதியக் குழு நிர்ணயம் பிரித்துவிட்டது. ஒரே படிப்பு, ஒரே பாடம், பக்கத்துப் பக்கத்து வகுப்பு, 3,170 ரூபாய் வித்தியாசம். அதன் மேல் கணக்கிடும் பஞ்சப்படியையும் சேர்த்தால் ஆண்டுக்கு ஆண்டு அது வளர்ந்துகொண்டே போகிறது. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு 2022 டிசம்பர் கடைசி வாரத்தில் சென்னை டிபிஐ வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தவர்களில் அவளும் இருந்தாள், இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. போனில் பேசினேன்.

“டீச்சர், உங்க பெரியம்மா கதை சொல்வீங்கல்ல, முப்பதுக்குக் கையெழுத்துப் போட்டு இருபது வாங்குனது? எங்களுக்குப் போடுற கையெழுத்தும் வர்ற காசும் ஒண்ணுதான் டீச்சர். ஒரு குறையும் சொல்ல முடியாது. எல்லாம் ஜி.ஓ. படி” என்றாள். பின்னால் மைக்கில் யாரோ பேசும் சத்தம் கேட்டது.

2023 ஜனவரி 1 அன்று, இதை ஆராய ஒரு குழு அமைக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். உண்ணாவிரதத்தை முடித்துக்கொண்டார்கள். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று அவள் வகுப்பில் இருந்தாள். ஒன்றாம் வகுப்பு, 19 பிள்ளைகள். ஏழு பேர் இன்னும் எழுத்துக் கூட்டவே இல்லை டீச்சர், அதுக்குள்ள பாதி வருஷம் போயிருச்சு என்று அன்று சாயங்காலம் எனக்கு வாட்ஸ்அப் அனுப்பியிருந்தாள்.